தலைமையகம் மட்டும் போதாது, பக்கத்தில் ஓர் ஆளும் வேண்டும்
ஒரு நிறுவனம் தன் எல்லாக் கிளைகளின் கணினிகளையும் தலைமையகத்திலிருந்தே நிர்வகித்தால் செலவு மிச்சம் என்கிறது ஒரு கட்டுரை. சரிதான். நெல்லை மாவட்டத்து வள்ளியூர் கிளையில் ஒருவர் வேலையை விட்டுப் போனால், சென்னைத் தலைமையகத்திலிருந்து ஆக்டிவ் டைரக்டரியில் (ஊழியர்களின் கணினிக் கணக்குகளை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் மைக்ரோசாஃப்ட் அமைப்பு) அவர் கணக்கை முடக்கினால் போதும். அதோடு இணைத்த மெயில், பில்லிங் எல்லாம் அடைபடும்.

ஆனால் 2024 ஜூலை 19-ஐ மறக்கலாமா? கணினிப் பாதுகாப்பு மென்பொருள் நிறுவனமான கிரவுட்ஸ்ட்ரைக்கின் பிழையான ஒரே அப்டேட்டில் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் முடங்கின. பல இடங்களில் ஆள் நேரில் போய், கணினியை சேஃப் மோடில் (அத்தியாவசிய மென்பொருள் மட்டும் இயங்கும் நிலை) திறந்து, அந்த அப்டேட்டில் வந்த பிழையான கோப்பை அழிக்க வேண்டியதாயிற்று. வட்டைப் பூட்டிவைக்கும் பிட்லாக்கர் போட்டிருந்தால், திறக்க 48 இலக்க மீட்புச் சாவி வேறு! அப்படியொரு நாளில் அதே பக்கத்துத் திசையன்விளைக் கிளைக்கும் பணகுடிக் கிளைக்கும் யார் ஓடுவது? பாளையங்கோட்டையிலாவது ஓர் ஆளை வையுங்கள் ஐயா. அப்டேட்டையும் முதலில் நாலைந்து கணினிகளில் விட்டுப் பார்த்துவிட்டு மற்றவற்றுக்கு அனுப்புங்கள்.