கோர்கிக்கு வெல்ஷில் என்ன?

(வெல்ஷ் மொழி பேசும் வட வேல்ஸ், கைர்னார்வன். கோட்டைக்கு வந்தவர்கள் பரிசுப்பொருள் வாங்குகிற கடை.)

பயணி: ஜெல்லி மீனுக்கு வெல்ஷில் 'பஸ்கோட் விப்லி வோப்லி'யாமே!

கடைக்காரம்மா: இல்லை. ஸ்லெவ்ரென் வோர். நீங்கள் சொல்வது எவரோ கேலிக்குக் கிளப்பிவிட்டது.

பயணி: என் மச்சான் சத்தியம் பண்ணினானே?

கடைக்காரம்மா: அவருக்கு வெல்ஷ் தெரியுமா?

பயணி: தெரியாது. ரக்பி பார்க்க ஒரு தடவை கார்டிஃப் வந்திருக்கிறான்.

கடைக்காரம்மா: அப்படியா! அகராதிக்காரர்களுக்குச் சொல்லிவிடுகிறேன், திருத்திக்கொள்ளட்டும்.

பயணி: கோபப்படாதீர்கள். உங்கள் பாஷையே இங்கிலீஷில் வாங்கியதுதானே? டாக்ஸிக்கு என்ன சொல்வீர்கள்?

கடைக்காரம்மா: டாக்சி.

பயணி: பார்த்தீர்களா!

கடைக்காரம்மா: அதை நீங்களே பிரெஞ்சுக்காரரிடம் வாங்கினீர்கள். சரி, கயிற்றில் கட்டி வைத்திருக்கிறீர்களே, அது என்ன?

பயணி: கோர்கி. எலிசபெத் ராணி வளர்த்த நாய் ஜாதி. இதற்கு வெல்ஷில் என்ன?

கடைக்காரம்மா: கோர்கி.

பயணி: அது இங்கிலீஷ். வெல்ஷில்?

கடைக்காரம்மா: கோர்கி. 'கோர்' குள்ளன், 'க்கி' நாய். இரண்டும் சேரும்போது 'க்கி'யில் அழுத்தம் குறைந்துவிடும்.

பயணி: அது அர்த்தம். நான் கேட்பது வெல்ஷ் பெயர்.

கடைக்காரம்மா: (நாயிடம்) கண்ணா, நீயாவது சொல்லேன்.

பயணி: இவன் மடியை விட்டு இறங்கமாட்டான். பெரிய இடத்துப் பிள்ளை.

கடைக்காரம்மா: இவன் பாட்டன் எங்கள் ஊரில் மாடு ஓட்டினான். குதிகாலைக் கடித்து ஓட்டுவான். மாடு உதைத்தால் உதை தலைக்கு மேலே போய்விடும். குள்ளம் அதற்குத்தான். பெம்ப்ரோக், கார்டிகன் என்று இரண்டு இனம் உண்டு. அவை வேறு வேறு என்று லண்டன் நாய்ச் சங்கம் ஒத்துக்கொள்ள 1934 ஆனது.

பயணி: அப்போது 1934-க்கு முன்னால் வெல்ஷில் என்ன பெயர்?

கடைக்காரம்மா: கோர்கி!

பயணி: உங்களுக்கும் தெரியவில்லை போலிருக்கிறது.

கடைக்காரம்மா: வேடிக்கையான பெயர்தானே வேண்டும்? பொறிவண்டுக்கு நாங்கள் 'பியூக் கோக் கோட்டா' என்போம். குட்டைச் சிவப்புப் பசு. கடலே தெரியாதவன் கட்டிய பெயர் இல்லை. பாட்டிமார் பிள்ளைகளுக்குச் சொல்லிக் கொடுத்தது.

பயணி: ம்... விப்லி வோப்லி அளவுக்கு இல்லையே.

கடைக்காரம்மா: ஜெல்லி மீனுக்குக் கடலோரத்தில் இன்னொரு பெயரும் உண்டு. வியாபார நேரத்தில் அதைச் சொல்ல மாட்டேன்.

பயணி: அது போகட்டும். விப்லி வோப்லி என்று எழுதிய காபிக் கோப்பை இருக்கிறதா?

கடைக்காரம்மா: இரண்டாவது தட்டில். ஒன்பது பவுண்டு.

பயணி: ஆ! அப்போது அது உண்மையான பெயர்தான்!

கடைக்காரம்மா: உங்களுக்குப் பன்னிரண்டு.