பேனா மீட்டர் அண்ணாச்சிக்கு ஒரு கும்பிடு

மூன்று நாளாகக் குளத்துக்குள் இறங்கி டைலைச் சுரண்டிக்கொண்டிருக்கிறேன். நகக்கண்ணெல்லாம் எரிகிறது. அந்த எரிச்சலோடுதான் இதை எழுதுகிறேன், வார்த்தை முன்னே பின்னே இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

நான் பார்த்துக்கொள்ளும் நீச்சல் குளம் தாழையூத்துப் பக்கம் இருக்கிறது. ஒரு லட்சம் லிட்டர். சிமெண்டுக்குச் சுண்ணாம்புக்கல் வெட்டியெடுக்கிற வட்டாரத்தில் போர் போட்டால் என்ன தண்ணீர் வரும்? கால்சியம் கடினத்தன்மை, அதாவது தண்ணீரில் கரைந்திருக்கும் சுண்ணாம்பு, 600 பிபிஎம் (லிட்டருக்கு 600 மில்லிகிராம்). குளத்துக்கு 200-லிருந்து 400 வரைதான் இருக்க வேண்டும். முதலாளியிடம் ஆறு மாதம் மன்றாடி, குளத்துக்குத் தண்ணீர் விடும் லைனில், கடினத்தன்மையை எடுக்கிற ஒரு சாஃப்ட்னர் மாட்ட வைத்தேன். அதன் பிறகு குளம் 320-ல் சாதுவாக நின்றது.

பங்குனிக் கடைசியில், மருந்து போடுகிற கடைக்காரர் வந்தார். சட்டைப் பையிலிருந்து பேனா மாதிரி ஒரு டிடிஎஸ் மீட்டரை உருவினார். தண்ணீரில் கரைந்து கிடப்பதையெல்லாம் மொத்தமாகச் சொல்லுகிற கருவி. போர் தண்ணீரில் முக்கினார், 1100. சாஃப்ட்னரிலிருந்து வரும் தண்ணீரில் முக்கினார், 1110.

"பாத்தீரா அண்ணாச்சி, ரெண்டும் ஒண்ணுதாம். மிஷின் தூங்குது" என்றார்.

முதலாளி என் பக்கம் திரும்பினார். "ஏ தம்பி, அத நிப்பாட்டிப் போடு. மாசாமாசம் உப்பு வாங்குத காசாவது மிஞ்சும்."

வே, சாஃப்ட்னர் வேலை செய்தால் டிடிஎஸ் குறையவே குறையாது! அது கால்சியத்தையும் மக்னீசியத்தையும் பிடித்து வைத்துக்கொண்டு, அதற்குப் பதிலாக சோடியத்தை விடுகிறது. அந்தச் சோடியத்துக்குத்தான் மாசாமாசம் உப்பு. டிடிஎஸ் மீட்டருக்கு எது சுண்ணாம்பு, எது உப்பு என்று தெரியாது. தண்ணீரில் மின்சாரம் எவ்வளவு ஓடுகிறது என்று பார்த்து மொத்தமாக ஒரு கணக்கைச் சொல்லும், அவ்வளவுதான். பாதிக் குற்றம் நம் பேச்சிலும் இருக்கிறது. சோப்பு நுரைக்காத தண்ணீரையும் உப்புத் தண்ணி என்கிறோம், கரிக்கிற தண்ணீரையும் உப்புத் தண்ணி என்கிறோம். எங்க ஆச்சி பருப்பு வேகிறதா, சோப்பு நுரைக்கிறதா என்று பார்த்தே கிணற்றைத் தரம் பிரிப்பாள். நானும் ரெண்டு பாட்டிலில் ரெண்டு தண்ணீரையும் பிடித்து, சோப்பு போட்டுக் குலுக்கிக் காட்டினேன். சாஃப்ட்னர் தண்ணீர் நுரை பொங்கி வழிந்தது, போர் தண்ணீர் திரிதிரியாகத் திரிந்தது. முதலாளி போனில் இருந்தார். சாஃப்ட்னர் நின்றது.

அப்புறம் வந்தது கத்திரி. நாள் ஒன்றுக்கு 500 லிட்டர் போய்விடும். ஆவியாவது வெறும் தண்ணீர், சுண்ணாம்பு குளத்திலேயே கிடக்கும். அந்த 500 லிட்டரை மறுபடி போர் தண்ணீரால் நிரப்பினால் 300 கிராம் சுண்ணாம்பைக் கையால் அள்ளிப் போட்ட மாதிரி. நாளுக்கு 3 பிபிஎம், மாதத்துக்கு 90. இது போதாதென்று அதே கடைக்காரர் மூட்டை மூட்டையாக ப்ளீச்சிங் பவுடர் இறக்கினார். அது என்ன? நீர்த்த சுண்ணாம்பில் குளோரின் ஏற்றியது! ஒரு பக்கம் கடினத்தன்மை என்று புலம்பல், மறு பக்கம் சுண்ணாம்பு விற்பனை.

ஆனி பாதியில் டைலெல்லாம் வெள்ளை பூத்தது. ஃபில்டர் மணல் கட்டிதட்டிப் போனது. கடைக்காரரைக் கேட்டால் "ஆசிட் விடும், போயிரும்" என்கிறார். எங்கே போகும்? டைலில் இருந்தது தண்ணீருக்குள் போகும். பிஎச் (தண்ணீரின் அமில-கார அளவு) ஏறியதும் பழையபடி டைலுக்கே வந்து உட்காரும்.

சரி என்று என் சொந்தக் காசில் சொட்டு டெஸ்ட் கிட் வாங்கினேன். 25 மில்லி தண்ணீர் எடுத்து, பிஎச்சைத் தூக்கும் மருந்தை விட்டு, நிறம் காட்டும் பொடியைப் போட்டால் சிவக்கும். அது நீலமாகும் வரை, கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும் இடிடிஏ மருந்தைச் சொட்டுச் சொட்டாக விட வேண்டும். ஒரு சொட்டுக்கு 10 பிபிஎம். எங்கள் தண்ணீரில் மக்னீசியமும் அதிகம், அதனால் முதல் தடவை நீலத்துக்குப் போகாமல் நாவல்பழ நிறத்திலேயே நின்று மிரட்டியது. பொடி போடும் முன்பே இடிடிஏவில் கொஞ்சம் சொட்டு விட்டுவிட்டால் (அதையும் எண்ணிக்கையில் சேர்க்க வேண்டும்) அந்தச் சண்டித்தனம் அடங்கும். ரெண்டாம் தடவை 68-வது சொட்டில் நீலம். 680! கலர் பட்டை இருக்கிறதே, அதை முக்கிப் பார்த்தேன் என்று யாரும் வராதீர்கள். அதில் பெரும்பாலானவை மொத்தக் கடினத்தன்மையைத்தான் காட்டும், கால்சியத்தைத் தனியாகக் காட்டாது.

வேறு வழியே இல்லை. பாதித் தண்ணீரை இறைத்து வெளியேற்றினோம். அரை லட்சம் லிட்டர், அதுவும் இந்தக் கோடையில். நிறுத்தி வைத்திருந்த சாஃப்ட்னரை ஓட்டி, அந்தத் தண்ணீரால் நிரப்பிக்கொண்டிருக்கிறேன். 340-க்கு வந்து நிற்கும். முழுக் குளத்தையும் அதிலேயே நிரப்பினால், சுண்ணாம்பே இல்லாமல் பசித்த தண்ணீர் டைல் இடுக்குச் சிமெண்டைத் தின்றுவிடும்.

நேற்றுக் கடைக்காரர் வந்தார். பாதி நிரம்பிய குளத்தில் பேனாவை முக்கினார்.

"டிடிஎஸ் இன்னும் குறையலியே அண்ணாச்சி!"

முதலாளி என்னைப் பார்த்தார். நான் கையிலிருந்த சுரண்டியைப் பார்த்தேன்.