ஜார்ஜ் வித் கொலையும் லிடியாவின் சாட்சியமும்

பின்னாளில் அமெரிக்க அதிபரான ஜெஃபர்சனின் குரு என்ற ஒரே வரியில் ஜார்ஜ் வித்தை முடித்துவிடுகிறார்கள். அமெரிக்கச் சுதந்திரப் பிரகடனத்தில் கையெழுத்திட்டவர், வர்ஜீனியா சட்டமன்றத்தின் சபாநாயகர், 1779இல் வில்லியம் அண்ட் மேரி கல்லூரியில் அமெரிக்காவின் முதல் சட்டப் பேராசிரியர், பிறகு நீதிபதி. பின்னாளில் அமெரிக்கத் தலைமை நீதிபதியான ஜான் மார்ஷலும் அவரிடம் படித்தவர்தான். எல்லாம் சரி, ஆனால் அவர் செத்த விதத்தைச் சொல்லாமல் இந்தப் பட்டியலுக்கு அர்த்தமில்லை.

1806, ரிச்மண்ட். வித்தின் சகோதரியின் பேரன் ஸ்வீனி அவர் வீட்டில்தான் இருந்தான். காசோலைகளில் அவர் கையெழுத்தைப் போட்டுப் பணம் எடுத்தவன். வித்தின் உயிலில் அவனோடு, அவர் அடிமைத்தளையிலிருந்து விடுதலை செய்த கறுப்பினப் பெண் லிடியா பிராட்நாக்ஸுக்கும், அவர் லத்தீனும் கிரேக்கமும் சொல்லிக்கொடுத்த மைக்கேல் பிரவுன் என்ற பையனுக்கும் பங்கு இருந்தது. ஒருநாள் காலை வித், லிடியா, பிரவுன் மூவரும் சுருண்டு விழுந்தார்கள். காபியில் ஸ்வீனி ஆர்செனிக் விஷம் கலந்தான் என்று சந்தேகம். ஜூன் 1 பிரவுன் போய்விட்டான். ஸ்வீனியின் பெயரை உயிலிலிருந்து நீக்கச் சொல்லிவிட்டு, ஜூன் 8 வித்தும் போனார். லிடியா பிழைத்தாள்.

சமையலறையில் நடந்தது லிடியாவுக்குத் தெரியும். ஆனால் வெள்ளையருக்கு எதிராகக் கறுப்பினத்தவர் சாட்சி சொல்ல வர்ஜீனியா சட்டம் விடாது. அமெரிக்கப் புரட்சிக்குப் பின் அந்த மாநிலச் சட்டங்களைத் திருத்தி எழுதிய குழுவில் ஜெஃபர்சன், பெண்டில்டனோடு வித்தும் இருந்தார். பழைய தடையைப் புதிய தொகுப்பிலும் விட்டுவைத்தார்கள். பிரேதப் பரிசோதனை செய்த மருத்துவர்களும் விஷம்தான் என்று அடித்துச் சொல்லவில்லை. ஸ்வீனி விடுதலை. அவனுக்காக வாதாடியவர்களில் ஒருவர், வித்தின் உயிலை மாற்றி எழுதிக்கொடுத்த எட்மண்ட் ராண்டால்ஃபேதான்! தொழில் தர்மமாம்.

தான் எழுதிய சட்டமே அவரைத் திருப்பி அடித்தது என்று இதை ரசித்துச் சொல்பவர்கள் உண்டு. எனக்கு அது பிடிக்கவில்லை. கிழவருக்கு வயது எண்பது, ஊர் கூடி அரசு மரியாதையோடு அடக்கம் செய்தது. அடி விழுந்தது லிடியாமேல். பிரவுன் சாவுக்கும் யாரும் தண்டனை அனுபவிக்கவில்லை.

வித் கொடியவர் இல்லை, அதுதான் சிக்கலே. கடைசிக் காலத்தில், அடிமைத்தளையிலிருந்து விடுதலை கேட்ட ரைட் குடும்பத்தின் வழக்கில், சுதந்திரம் எல்லா மனிதருக்கும் பிறப்புரிமை என்று தீர்ப்பெழுதியவர் அவர். அவர் இறந்த சில மாதங்களில் மேல்முறையீட்டு நீதிமன்றம் அந்தக் குடும்பத்தின் விடுதலையை ஏற்றாலும், பிறப்புரிமை கறுப்பினத்தவருக்குப் பொருந்தாது என்று ஒதுக்கியது. அப்படிச் சொன்ன நீதிபதி செயின்ட் ஜார்ஜ் டக்கர், அவரும் வித்தின் மாணவர்.