நாலு வார்த்தைக்குப் பட்டா கேட்காதீர்கள்

விளம்பர வாசகங்களுக்கும் காப்பிரைட் கொடுக்க வேண்டும், யோசித்து எழுதுகிறவனுக்கு வேறென்ன மரியாதை என்று விளம்பரத் துறை நண்பர்கள் அடிக்கடி கேட்கிறார்கள். லேபிள், பவுச் டிசைன் செய்து பிழைக்கிற எனக்கு இதில் உறுதியான கருத்து உண்டு. கொடுக்கவே கூடாது.

நூடுல்ஸ் கதையிலிருந்து வருகிறேன். ஐடிசி 2010-ல் யிப்பீ நூடுல்ஸ் கொண்டுவந்தபோது ஒரு வகைக்கு 'மேஜிக் மசாலா' என்று பெயர் வைத்தது. அப்புறம் நெஸ்லே மேகியில் 'மேஜிக்கல் மசாலா' என்று போட, ஐடிசி 2013-ல் சென்னை உயர் நீதிமன்றத்துக்குப் போனது. தீர்ப்பு வந்தது 2020 ஜூனில். மேஜிக் என்பது சரக்கைப் புகழ்கிற சொல், மசாலா எல்லோரும் விற்கிற பொருள், இரண்டையும் சேர்த்து ஒருத்தர் மட்டும் வைத்துக்கொள்ள முடியாது என்று வழக்கைத் தள்ளினார்கள். மேல்முறையீட்டிலும் அதேதான். ரொம்பச் சரியான தீர்ப்பு. ஆனால் இரண்டு பக்கமும் பெரிய கம்பெனி என்பதால்தான் இத்தனை வருஷம் வக்கீல் வைத்து நடத்த முடிந்தது.

என்னிடம் பவுச் அடிக்கிற அக்கா ஒருவர் வீட்டிலேயே இட்லிப்பொடி, பருப்புப்பொடி அரைத்து விற்கிறார். பவுச்சில் 'அம்மா கைப்பக்குவம்' என்று போட்டிருந்தார். ஒரு பெரிய கம்பெனியிடமிருந்து வக்கீல் நோட்டீஸ் வந்துவிட்டது, அது எங்கள் வாசகம், சரக்கைத் திரும்ப எடுக்காவிட்டால் நஷ்டஈடு என்று. நான் வாங்கிப் படித்தேன். காப்பிரைட் என்பது எழுதிய படைப்புக்கான உரிமை, டிரேட்மார்க் என்பது சரக்கை அடையாளம் காட்டும் பெயருக்கோ குறிக்கோ ஆன உரிமை. இரண்டையும் போட்டுக் குழப்பியிருந்தார்கள், பதிவு எண் என்று ஒன்றைக்கூடக் காணோம். அக்கா பயந்துபோய் வாசகத்தை மாற்றிவிட்டார். அச்சடிக்கக் கலருக்கு ஒரு சிலிண்டர் மறுபடி வெட்ட வேண்டும், கையிலிருந்த பவுச் எல்லாம் லேமினேட் ஆனது, எடைக்குக்கூட எவனும் வாங்கமாட்டான். கைப்பக்குவம் என்ற சொல் எந்தக் கம்பெனியின் சொத்து?

காப்பிரைட் கேட்பவர்கள் ஒன்றை யோசிக்க வேண்டும். நம் சட்டப்படி எழுத்துக்கு எழுதியவர் ஆயுள் முழுக்க, அதற்குமேல் 60 வருஷம் பாதுகாப்பு. இருபத்தைந்து வயதுப் பையன் எழுதிய நாலு வார்த்தையை நூறு வருஷம் யாரும் தொட முடியாது என்றால் என்ன ஆகும்? அதுவும் சம்பளத்துக்கு வேலை செய்து எழுதினால், வேறு ஒப்பந்தம் இல்லாதவரை, முதல் உரிமையாளர் முதலாளிதான், 17-ஆம் பிரிவே அப்படித்தான் சொல்கிறது. எழுதியவனுக்கு மரியாதை என்ற வாதம் அங்கேயே அடிபட்டுப் போகிறது.

பெப்சியின் 'யே தில் மாங்கே மோர்' (இந்த மனசு இன்னும் கேட்கிறது) ஞாபகம் இருக்கும். விளம்பரத்தைத் தாண்டி எல்லார் வாயிலும் புழங்கிய வாசகம். 1999 கார்கில் போரில் கேப்டன் விக்ரம் பத்ரா 5140 சிகரத்தைப் பிடித்ததும் வெற்றிச் செய்தியாகச் சொன்னது அதே வாசகத்தைத்தான். தம்ஸ் அப் விளம்பரம் அந்த வாசகத்தைக் கிண்டலடித்தபோது பெப்சி வழக்குப் போட, 2003-ல் டெல்லி உயர் நீதிமன்றம் விளம்பர வாசகத்துக்குக் காப்பிரைட் இல்லை என்றது. ஆனால் போட்டியாளரின் சரக்கை மட்டம் தட்டுவது தப்பு என்று அதைத் தடுத்தது. வேண்டிய பாதுகாப்பு அவ்வளவுதான். வாசகத்தைக் கேட்டாலே உங்கள் சரக்கு ஞாபகம் வருகிற அளவுக்கு உழைத்திருந்தால் டிரேட்மார்க் பதிவு செய்யுங்கள், பத்து வருஷத்துக்கு ஒருமுறை புதுப்பித்துக்கொள்ளுங்கள். பதிவே இல்லாவிட்டாலும் உங்கள் பெயரில் ஏய்த்து விற்கிறவனைப் 'பாஸிங் ஆஃப்' வழக்கில் நிறுத்தலாம்.

இப்போது எனக்குக் கவலை நடிகர்கள் பக்கமிருந்து. 2023 செப்டம்பரில் அனில் கபூருக்கு டெல்லி உயர் நீதிமன்றம் கொடுத்த இடைக்கால உத்தரவில் அவர் முகம், குரலோடு, 'அசத்தல்' என்ற அர்த்தத்தில் அவர் சொல்லிப் பிரபலமான 'ஜக்காஸ்' என்ற சொல்லும் சேர்ந்துகொண்டது. முகத்தையும் குரலையும் ஏஐ வைத்துத் திருடுவதைத் தடுக்கட்டும், அது அவசியம். ஆனால் ஜக்காஸ் பம்பாய்த் தெருவில் புழங்குகிற சொல். அவர் சாயல் துளியும் இல்லாமல் ஒரு வடாபாவ் கடைக்காரர் போர்டில் எழுதினால்? உத்தரவு வியாபார நோக்கில் பயன்படுத்துவதைத்தான் தடுக்கிறது என்பார்கள். வடாபாவ் விற்பதும் வியாபாரம்தானே.

சின்னதாகத் தொழில் செய்கிறவர்களுக்கு ஒன்று. இப்படி நோட்டீஸ் வந்தால் உடனே பவுச்சை மாற்றாதீர்கள், பதில் போடாமலும் விட்டுவிடாதீர்கள். பதிவு எண்ணும் எந்த வகுப்பில், அதாவது எந்த வகைச் சரக்குக்குப் பதிவு என்பதும் கேட்டு எழுதுங்கள். டிரேட்மார்க் பதிவகத்தின் இணையதளத்தில் யார் வேண்டுமானாலும் இலவசமாகத் தேடிப் பார்க்கலாம், சென்னையில் கிண்டியில் அலுவலகமே இருக்கிறது. பதிவு இருந்தாலும் விற்காமல் வெறுமனே ஐந்து வருஷத்துக்கு மேல் வைத்திருந்தால் நீக்கச் சொல்லி மனுப் போட முடியும். அதற்கு அப்புறம் வக்கீலைப் பாருங்கள்.