அப்பாயியின் பத்தாம் நாள் கணக்கு

பள்ளிக்கூடத்தில் படிப்பது மட்டும்தான் கல்வியா, தாத்தா பாட்டியிடம் பிள்ளைகள் கற்பது கணக்கில் வராதா என்று இங்கே வந்த கட்டுரை ஒன்று கேட்கிறது. வரும். நான் ஏற்காட்டில் பிறந்தவள். காப்பித் தோட்டத்தில் பழம் பறித்த என் அப்பாயிக்கு எழுதப் படிக்கத் தெரியாது. பங்குனியில் நல்ல மழை ஒன்று இறங்கினால் அன்றிலிருந்து விரல் விட்டு எண்ணுவார். ஒன்பதாம் நாளோ பத்தாம் நாளோ செடியெல்லாம் வெள்ளையாகப் பூத்து மல்லிகை போல மணக்கும். "இந்தப் பூ பழுக்க எட்டு ஒன்பது மாசம் ஆகும் கண்ணு, கொத்தா உருவாதே, செவந்ததை மட்டும் திருகி எடு" என்பார். பின்னாளில் வகுப்பில் மகரந்தச் சேர்க்கை பாடம் நடந்தபோது எனக்கு அது கண் முன்னால் நின்றது.

ஆனால் பள்ளியே தேவையில்லை என்று அந்தக் கட்டுரைக்குச் சிலர் கருத்து எழுதியிருப்பதை ஏற்க முடியவில்லை. பறித்த பழத்துக்குத் தரும் எடைச் சீட்டில் என்ன எழுதியிருக்கிறது என்று தெரியாமலே பல வருஷம் கைநாட்டு வைத்தவர் அப்பாயி. நான் மூன்றாம் வகுப்பு வந்ததும் முதல் வேலையாக அந்தச் சீட்டைத்தான் வாசிக்கச் சொன்னார். இரண்டு கிலோ குறைவாக இருந்தது.

2020 தேசியக் கல்விக் கொள்கையில் 6 முதல் 8 வரை படிக்கும் பிள்ளைகள் புத்தகப்பை இல்லாமல் 10 நாள் உள்ளூர்த் தொழில் தெரிந்தவர்களிடம் கற்கலாம் என்று இருக்கிறது. அந்தக் கொள்கை பற்றிய மற்ற விவாதங்கள் தனி. இது நல்ல யோசனை, பத்து நாள்தான் போதாது. சேலத்தில் கொலுசு செய்யும் பெரியவர்களையும் அதில் சேர்க்க வேண்டும்.

என் மகள் சேலத்தில் ஆறாம் வகுப்பு. காப்பிப் பூவை அவள் பார்த்ததே இல்லை. இந்த முறை மழை பெய்ததும் நாள் எண்ணி, லீவு போட்டு மலைக்குக் கூட்டிப் போகிறேன்.