பி.பி. கிங்கின் ‘லூசில்’ அவர் மனைவி பெயரா?

தருமபுரி, கிருஷ்ணகிரி வட்டார இசைக்குழு வாட்ஸ்அப் குழுக்களில் ஒரு தகவல் சுற்றுகிறது: ப்ளூஸ் (அமெரிக்கக் கறுப்பின மக்களின் இசைவகை) கலைஞர் பி.பி. கிங், இறந்த மனைவியின் பெயரான ‘லூசில்’ என்பதைக் கிட்டாருக்கு வைத்து, அந்த ஒரே கிட்டாரைக் கடைசிவரை வாசித்தாராம். இரண்டுமே தவறு.

1949 குளிர்காலம், அமெரிக்காவின் அர்கான்சா மாநிலத்தில் ட்விஸ்ட் என்ற ஊர். நடனக் கூடத்தில் குளிருக்காக மண்ணெண்ணெய் எரிந்த பீப்பாயை, சண்டையிட்ட இருவர் தட்டிவிடத் தீப்பற்றியது. வெளியே ஓடிய கிங், கிட்டாருக்காக மீண்டும் உள்ளே போனார். சண்டைக்குக் காரணமான பெண்ணின் பெயர் லூசில் என்று மறுநாள் தெரிந்தது. இனி இப்படி ஒரு மடத்தனம் செய்யக்கூடாது என்று தனக்கே நினைவூட்டத்தான் அந்தப் பெயர். 1996இல் வந்த தன்வரலாற்றில் அவரே சொல்லியிருக்கிறார்.

பிறகு வாசித்த பல கிட்டார்களுக்கும் அதே பெயர்தான். ஒலிபெருக்கியின் சத்தம் கிட்டாருக்கே திரும்பி எழும் ‘ஃபீட்பேக்’ இரைச்சலைக் குறைக்க மேற்பலகைத் துளைகளில் துணி அடைப்பார். கிப்சன் என்ற கிட்டார் நிறுவனம் பின்னர் தயாரித்த ‘லூசில்’ மாடலில் அத்துளைகளே இல்லை. அந்த மாடலின் படத்தைப் பார்த்தாலே தெரியும்.

கிட்டாருக்குப் பெயர் வைப்பதில் தப்பேயில்லை. அந்தத் தகவலை இனி யாருக்கும் அனுப்ப வேண்டாம்.