யாருடையது என்றே தெரியாத கேமுக்கு 95 வருடப் பூட்டு

ஒரு பழைய கேமை நாங்களும் விற்க மாட்டோம், அடுத்தவர் விற்கவும் விட மாட்டோம், அது உண்மையில் எங்களுடையதுதானா என்று தேடிப் பார்க்கவும் மாட்டோம். இப்படி ஒரு கம்பெனி சொன்னால் சட்டம் அதை அப்படியே ஏற்றுக்கொள்கிறது. எனக்கு இதில் உண்மையான கோபம் இருக்கிறது, அதனால்தான் கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

நான் சொல்வது 'நோ ஒன் லிவ்ஸ் ஃபாரெவர்' என்ற கேமைப் பற்றி. மோனோலித் என்ற அமெரிக்க ஸ்டூடியோ 2000-இல் செய்தது. 1960களில் நடக்கும் உளவாளிக் கதை, நாயகி கேட் ஆர்ச்சர். துப்பாக்கி கேம் என்றாலே முரட்டு ஆண்கள்தான் என்று இருந்த நேரத்தில் புத்திசாலித்தனமும் நக்கலும் நிறைந்த ஒரு பெண்ணை நடுவில் வைத்து, காவலர்கள் தங்களுக்குள் வெட்டிக்கதை பேசுவதை ஒளிந்திருந்து கேட்பதையே விளையாட்டின் பாதி சுகமாக்கியிருந்தார்கள். பாராசூட் இல்லாமல் விமானத்திலிருந்து விழுந்துகொண்டே சண்டை போடும் கட்டமெல்லாம் இன்றைக்கும் கண்ணில் நிற்கிறது. 2002-இல் இரண்டாம் பாகம் வந்தது, அதில் சூறாவளி தூக்கிக்கொண்டு போகும் வீட்டுக்குள் நிஞ்ஜாக்களோடு சண்டை. இன்று ஸ்டீம், ஜிஓஜி (GOG) போன்ற இணையக் கேம் கடைகள் எதிலும் இல்லை. காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் யாரோ வைத்திருக்கும் பழைய டிஸ்க்தான் வழி, அதுவும் இன்றைய விண்டோஸில் ஒழுங்காக ஓடாது.

ஏன் இல்லை? முதல் பாகத்தை வெளியிட்டது ஃபாக்ஸ் சினிமா கம்பெனியின் கேம் பிரிவான ஃபாக்ஸ் இன்டராக்டிவ். இரண்டாம் பாகம் விவெண்டி என்ற பிரெஞ்சு நிறுவனத்திடம் இருந்த சியரா என்ற கேம் கம்பெனியின் பெயரில் வந்தது. 2003-இல் ஃபாக்ஸ் இன்டராக்டிவையே விவெண்டி வாங்கியது. 2004-இல் மோனோலித்தை வார்னர் வாங்கியது. 2008-இல் விவெண்டியின் கேம் பிரிவு ஆக்டிவிஷன் என்ற பெரிய கேம் கம்பெனியோடு சேர்ந்தது. ஒவ்வொரு தடவையும் பெரிய சொத்துகளை எண்ணி எடுத்துக்கொண்டார்கள், இந்த கேமின் எந்த உரிமை யாரிடம் போனது என்பதை வெளியே தெரியும்படி யாரும் எழுதி வைக்கவில்லை.

2014 வாக்கில் நைட்டைவ் என்ற சின்ன நிறுவனம் இதை முறையாக மீட்டு விற்க முயன்றது. திருட்டுத்தனம் எதுவும் இல்லை. கேமின் மூலக் குறியீட்டை (source code) தேடிப் பிடித்தார்கள், பெயருக்கு டிரேட்மார்க் விண்ணப்பம் போட்டார்கள், வார்னர், ஆக்டிவிஷன், ஃபாக்ஸ் என்ற மூன்று கம்பெனிகளிடமும் போய்க் கேட்டார்கள். வார்னர் ஒத்துழைக்க மறுத்ததோடு அந்த விண்ணப்பத்துக்கும் குறுக்கே நின்றது. ஆக்டிவிஷனிடமிருந்து வந்த பதிலின் சாரம், எங்களுக்குக் கொஞ்சம் உரிமை இருக்கலாம், ஆனால் ஒப்பந்தம் காகித காலத்தது, எங்கேயோ ஒரு பெட்டியில் கிடக்கும் என்பது. ஃபாக்ஸ் பக்கமும் கிட்டத்தட்ட இதே கதை. அந்தப் பெட்டியைத் தேடி எடுக்க யாருக்கும் மனமில்லை. நைட்டைவ் கடைசியில் கைவிட்டுவிட்டது.

இங்கே டிரேட்மார்க்கையும் பதிப்புரிமையையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. டிரேட்மார்க் என்பது பெயருக்கு. அமெரிக்கச் சட்டத்தில் தொடர்ந்து 3 வருடம் ஒரு பெயரைப் பயன்படுத்தாவிட்டால் கைவிட்டதாகவே எடுத்துக்கொள்ள முகாந்திரம் உண்டு, கைவிடவில்லை என்று உரிமையாளர்தான் காட்ட வேண்டும். நியாயமான ஏற்பாடு. ஆனால் பெயர் மட்டும் கிடைத்து என்ன பயன்? குறியீடு, படங்கள், இசை, வசனம் எல்லாம் பதிப்புரிமையில் வருகிறது, அதற்குப் பயன்படுத்த வேண்டும் என்ற நிபந்தனையே கிடையாது. கம்பெனிக்காகச் செய்த படைப்பு என்றால் வெளியானதிலிருந்து 95 வருடம். அதாவது 2095 முடியும் வரை. நான் இருக்க மாட்டேன், இதைப் படிக்கிற பெரும்பாலானோரும் இருக்க மாட்டீர்கள்.

இதே நைட்டைவ் ஜெயித்த கதையும் உண்டு, அதனால்தான் இதை விதி என்று விட்டுவிட எனக்கு மனம் வரவில்லை. 'சிஸ்டம் ஷாக் 2' என்ற இன்னொரு பழைய கேமைச் செய்த லுக்கிங் கிளாஸ் ஸ்டூடியோ 2000-இல் மூடப்பட்ட பிறகு அதன் உரிமை ஓர் இன்ஷூரன்ஸ் கம்பெனியிடம் போய்ச் சேர்ந்தது. ஆமாம், இன்ஷூரன்ஸ். கேமுக்கும் அவர்களுக்கும் ஒரு சம்பந்தமும் கிடையாது. ஆனாலும் நைட்டைவின் ஸ்டீபன் கிக் எழுதிக் கேட்டபோது அவர்கள் பதில் போட்டார்கள், பேசினார்கள், 2013-இல் கேம் மறுபடி விற்பனைக்கு வந்தது. 2023-இல் முதல் 'சிஸ்டம் ஷாக்'கின் மறு ஆக்கமே வந்துவிட்டது. கேம் தொழிலே தெரியாத இன்ஷூரன்ஸ்காரர்கள் செய்ததை, கேம் விற்றே வளர்ந்த கம்பெனிகள் செய்யவில்லை.

சரி, சொத்து அவர்களுடையது, விற்காமல் வைத்திருப்பது அவர்கள் உரிமை என்று ஒரு வாதம் வரும். நிலத்தைச் சும்மா போட்டு வைப்பதற்குக்கூட பத்திரம் காட்ட வேண்டும். இங்கே பத்திரம் யாரிடம் என்பதே தெரியவில்லை, ஆனால் வழக்கு வரும் என்ற பயம் மட்டும் எல்லோருக்கும் இருக்கிறது. அப்புறம் இது ஒரே ஒரு கேமின் பிரச்சினையும் இல்லை. வீடியோ கேம் ஹிஸ்டரி ஃபவுண்டேஷன் 2023-இல் வெளியிட்ட ஆய்வின்படி, 2010-க்கு முன் அமெரிக்காவில் வந்த கேம்களில் 87 சதவீதம் இன்று விற்பனையிலேயே இல்லை. ஆராய்ச்சியாளர்கள் அவற்றைத் தொலைவிலிருந்து அணுக நூலகங்களை அனுமதியுங்கள் என்று கேட்டதற்கும் 2024 அக்டோபரில் அமெரிக்கப் பதிப்புரிமை அலுவலகம் மறுத்துவிட்டது.

இதற்கிடையில் பெட்டிகள் இன்னும் கைமாறிக்கொண்டே இருக்கின்றன. ஃபாக்ஸ் 2019-இல் டிஸ்னியிடம் போனது, ஆக்டிவிஷன் 2023-இல் மைக்ரோசாஃப்டிடம். 2025 பிப்ரவரியில் வார்னர் மோனோலித்தையே இழுத்து மூடிவிட்டது. கேமைச் செய்த ஸ்டூடியோவும் போய்விட்டது, பூட்டு மட்டும் இருக்கிறது.

கனடாவில் உரிமையாளரைக் கண்டுபிடிக்கவே முடியாத படைப்புக்குப் பதிப்புரிமை வாரியமே உரிமம் கொடுக்கலாம். நல்ல ஏற்பாடுதான், ஆனால் இந்த மாதிரி கேமுக்குப் போதாது, ஏனென்றால் இங்கே ஆட்கள் எங்கே இருக்கிறார்கள் என்று எல்லோருக்கும் தெரியும், வாயைத் திறக்கத்தான் மாட்டேன் என்கிறார்கள். ஆகவே நான் கேட்பது இதுதான்: பத்து வருடமாக விற்பனையில் இல்லாத கேமை ஒருவர் மறுவெளியீடு செய்ய முன்வந்து நோட்டீஸ் கொடுத்தால், உரிமை கொண்டாடுகிறவர் ஆறு மாதத்துக்குள் ஆவணத்தோடு வர வேண்டும். வராவிட்டால் கேட்டவருக்கு உரிமம். வருமானத்தில் ஒரு பங்கு தனிக் கணக்கில் கிடக்கட்டும், பின்னால் யாராவது ஒப்பந்தத்தோடு வந்தால் அதை எடுத்துக்கொள்ளட்டும்.